பலகைக்கு எதிரே நின்றவன்

“மாட்டைத் திருடினவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை,” என்றான் டட்லி, கேட்டின் கொக்கியைத் தூக்கிப் பார்த்தபடி. “போகும்போது மறக்காம கேட்டைச் சாத்திட்டுப் போயிருக்கான்.”

யாரும் சிரிக்கவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா டட்லி? காலமெல்லாம் மாட்டு ஏலத்தில் கூவிக் கூவி விற்றவன். உம்மென்று நிற்கிற கூட்டம் அவனுக்குப் புதிதல்ல.

சேற்றில் முழங்கால் பூட்ஸோடு குனிந்திருந்த மேவிஸ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் பால் இன்ஸ்பெக்டராகத் தொழுவம் தொழுவமாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவள் அவள். வேலை ஓய்ந்ததே தவிர, மூக்கு ஓயவில்லை. நாய் தொலைந்தாலும் டிராக்டர் களவு போனாலும் மலைப்பக்கத்து ஆட்கள் போலீசுக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டட்லி அவளுக்கு வண்டி ஓட்டுவான். வாயும் ஓட்டுவான்.

இவர்களைக் கூப்பிட்டவள் லினெட். அந்த மேட்டுப் புல்வெளிக் காப்பகத்தை நடத்துகிறவள். அடிபட்ட ஆடு, பட்டினி கிடந்த பன்றி, யாருக்கும் வேண்டாத வான்கோழி, ஒற்றைக்கண் கோவேறு கழுதை என்று எது வந்தாலும் இடமுண்டு. பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள். பார்வையாளர்கள் வரிசையில் நின்று பார்ப்பது மட்டும் ஒரே ஒருத்தியைத்தான். ஹோப் என்கிற கிழட்டு ஜெர்சிப் பசு. வியாழக்கிழமை காலையிலிருந்து அவளைக் காணோம்.

யார் திருடியது என்பதில் தொண்டர்களுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மலையடிவாரத்தில் இருக்கிற அர்மாண்ட் கிழவர்தான். பசு முன்பு அவரிடம் இருந்தது. பாதிப் பேர் இப்போதே அவர் வீட்டு வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் ஷெரிப் ஆபீஸ் ஆள் வருவதாக ஏற்பாடு. தொழுவத்தைத் திறந்து பார்ப்பார்கள், பசு உள்ளே இருந்தால் எண்பது வயதில் கிழவர் கையில் விலங்கு.

“அந்த ஆளுக்கு இது கூடப் போதாது,” என்றாள் டாபிதா. தினமும் விடியலில் முதல் ஆளாக வந்து தீனி போடுகிற தொண்டர் அவள். “பலகையை வாசிச்சுப் பாருங்க, தெரியும்.”

பலகை கேட்டுக்குப் பக்கத்துத் தூணில் இருந்தது. *இவள் பெயர் ஹோப். இருட்டில் சங்கிலியால் கட்டி, அடித்து, பட்டினி போட்ட பால் பண்ணைக்காரன் ஒருவனிடமிருந்து நாங்கள் மீட்ட உயிர். கழுத்துத் தழும்பைப் பாருங்கள். அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள்.*

எழுதியது லினெட். இப்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நிற்க அவள் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

“டாபிதா,” என்றாள் மேவிஸ் நிமிராமலே, “வியாழக்கிழமை நீ வந்தப்ப கேட்டு எப்படி இருந்துச்சு?”

“சாத்தித்தான் இருந்துச்சு.”

“நீ உள்ளே வந்தப்பவா, வந்ததுக்கு அப்புறமா?”

டாபிதா கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: *கேட்டைச் சாத்தவும்! எப்போதும்!* அதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

“ஐயோ. நான்தான் சாத்தினேன். கொஞ்சம் திறந்திருந்துச்சு. கை பழக்கத்துல இழுத்து மாட்டிட்டு வந்துட்டேன்.”

“பண்ணையில வளர்ந்தவன் திறந்த கேட்டைப் பார்த்தா, யார் வெளியே போனதுன்னு முதல்ல எண்ணுவான். நீங்க போர்டைப் பார்த்துச் சாத்தறீங்க,” என்றாள் மேவிஸ்.

“அப்ப திருடனோட நல்ல வளர்ப்பு போச்சு,” என்றான் டட்லி வருத்தத்தோடு.

“திருடனே போயிட்டான், டட்லி. இந்தக் கொக்கியைப் பாரு, எச்சில் பட்டுப் பட்டு அடிப்பக்கம் எப்படிப் பளபளக்குது. பழைய கறவை மாட்டுக்கு இதெல்லாம் நாக்காலேயே கழட்டற சமாசாரம். அவளே திறந்துக்கிட்டு நடந்திருக்கா.”

“அதெப்படி?” டாபிதா விடவில்லை. “நான் வந்து இறங்கினப்ப கீழே ஒரு வண்டி உறுமிக்கிட்டு இருந்துச்சே! என் காதால கேட்டேன். லாரி மாதிரி.”

“உறுமிக்கிட்டே கிட்ட வந்துச்சா, தூரப் போச்சா?”

“ரெண்டும் இல்ல. ஒரே இடத்துல... டப டப டபன்னு. நான் பன்னிக்கெல்லாம் தீனி வச்சு முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்துச்சு.”

“மாட்டைத் திருட வந்தவன் ஊரையே எழுப்பற மாதிரி இஞ்சினை ஓட விட்டுட்டு, உட்கார்ந்து காப்பி குடிச்சானாக்கும்,” என்றான் டட்லி.

மேவிஸ் சிரிக்கவில்லை. முதல் தடவையாக நிமிர்ந்து மலைச்சரிவைப் பார்த்தாள். “விடியக்காலை. ஒரே இடம். ஒரே தாளம். என் ஆயுசுல பாதி அந்தச் சத்தத்துலதான் போச்சு. அது லாரி இல்லம்மா. கறவை மெஷினோட பம்பு.”

“அர்மாண்ட் மாடெல்லாம் வித்து வருஷக்கணக்கா ஆச்சே,” என்றாள் லினெட். தன் குரல் தனக்கே மெலிந்து கேட்டது.

“ஆமா. கறக்க ஒண்ணும் இல்லாதவர் பம்பை ஏன் ஓட்டினார்னு கேட்கணும். ஆனா கேட்ட மாடு ஏன் போச்சுன்னு கேட்கவே வேண்டாம். கன்னுக்குட்டி நாளிலேருந்து அந்தச் சத்தம் வந்தா அவ போய் நிக்க வேண்டிய இடம் ஒண்ணுதான்.” மேவிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க எல்லாரும் காட்டுல எப்படித் தேடினீங்க?”

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான். வியாழன் முழுக்க, ஒரு ஆள் பாக்கியில்லாம. ஹோப், ஹோப்னு தொண்டையே கட்டிப்போச்சு,” என்றாள் டாபிதா.

“அவளுக்கு முன்னாடி என்ன பேர்?”

ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே வருகிற எந்த உயிருக்கும் புதுப் பெயர் வைப்பதுதான் வழக்கம். பழைய வாழ்க்கையை மறக்கட்டும் என்று கேக் வெட்டி, கைதட்டி வைப்பார்கள். பழைய பெயரை யாரும் கேட்டதேயில்லை. கேட்காமலிருப்பதையே கருணை என்று நினைத்திருந்தார்கள்.

“தலையெழுத்து,” என்றான் டட்லி. “என்னை யாராவது திடீர்னு கிளாரன்ஸ்னு கூப்பிட்டா நானும்தான் திரும்ப மாட்டேன்.”

டாபிதா கோபமாகத் தன் காரில் ஏறினாள். “எப்படிப் போச்சோ, இப்ப அந்த ஆள்கிட்டதான் இருக்கு. நான் கீழே போறேன்,” என்று சேறு தெறிக்கப் புறப்பட்டாள்.

கார் மறைந்த பிறகு மேவிஸ் மெதுவாகச் சொன்னாள், “எனக்கு ஒண்ணுதான் இடிக்குது. இங்கே வாங்க.”

கேட்டுக்கு வெளியே, பலகைக்கு நேர் எதிரில், காய்ந்துகொண்டிருந்த சாணி கிடந்தது. அதைச் சுற்றி அரைவட்டமாகப் புல் ஒட்ட மேயப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பூட்ஸ் தடம், நன்றாக அழுந்தி. ஒரு கைத்தடி குத்திய குழி. சேற்றில் குளம்புத் தடம் மேலே ஏறி வந்து, இங்கே நின்று, மறுபடி கீழே இறங்கியிருந்தது.

“அட!” என்றான் டட்லி. “மாட்டைத் திருப்பிக் கொண்டுவந்துட்டு, வாசல் வரைக்கும் வந்து, மறுபடி ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். மனசு மாறின திருடன் உண்டு. ரெண்டு தடவை மாறினவனை இப்பத்தான் பார்க்கறேன்.”

“பூட்ஸ் முனை எந்தப் பக்கம் பார்க்குது?”

டட்லி குனிந்து பார்த்தான். “கேட்டைப் பார்க்கலை.”

“பலகையைப் பார்க்குது,” என்றாள் மேவிஸ். “மாடு இவ்வளவு புல் மேயற அளவுக்கு ஒருத்தர் இங்கே நின்னு பலகையையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். நாலே வரி. அதுல அப்படி என்ன இருக்குன்னு தெரியலை. உங்களுக்குத் தெரியுமா லினெட்?”

லினெட்டுக்குக் காது மடல் வரை சுட்டது.

தெரியாமலென்ன? அர்மாண்ட் அந்தப் பசுவை ஒப்படைத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. யாரும் மீட்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து, மந்தையை ஏலத்துக்கு அனுப்பிய மனிதர், இந்த ஒருத்தியை மட்டும் லாரியில் ஏற்ற மனம் வராமல் தாமே கயிறு பிடித்து மேடேறி நடத்திக்கொண்டு வந்தார். சர்ச்சுக்குப் போடும் கோட்டு. வாரிச் சீவிப் பளபளத்த பசு. கோட்டுப் பையிலிருந்து அவளுடைய பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்து, “காதுக்குப் பின்னாடி சீவினா அவளுக்குப் பிடிக்கும்,” என்றார். கயிற்றை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கதையைக் கேட்டு யாரும் அழவில்லை. அதுதான் வினை. பார்வையாளர் ஒருத்தி தழும்பைக் காட்டி, “சங்கிலியா?” என்று கண் கலங்கக் கேட்டாள். லினெட் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்தவளிடம் தலையை ஆட்டினாள். அதற்கடுத்தவளிடம் அவளே சொன்னாள். கடைசியில் பெயின்ட் எடுத்து எழுதியும் விட்டாள். பெயரா போட்டோம், யாருக்குத் தெரியப் போகிறது என்று தன்னைத்தானே தட்டிக் கொடுத்துக்கொண்டாள். நிஜமாகவே அடிபட்ட பன்றிகளைத் தன் மடியில் போட்டு ஊட்டி வளர்த்தவள்தான் அவள். அந்தக் கைதான் இதையும் எழுதியது. நினைக்க நினைக்க நாணிக் குறுகிப்போனாள்.

“தெரியும்,” என்றாள்.

மேவிஸ் துருவவில்லை. “வாங்க, பின் வழியாப் போவோம். வாசல்ல இருக்கற கூட்டத்துக்கு முன்னாடி.”

மேப்பிள் தோப்பு வழியாக, மரத்துக்கு மரம் ஓடிய சாறு எடுக்கும் குழாய்களுக்கு அடியில் குனிந்து குனிந்து இறங்கினார்கள். வாசல் பக்கமிருந்து கோஷம் கேட்டது. பால் அறைச் சுவரில் யாரோ சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்தார்கள்: *கொடுமைக்காரன்*. பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது.

தொழுவத்தின் பின்கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே வரிசையாகக் காலி இடங்கள். கடைசி இடத்தில் மட்டும் புது வைக்கோலில் பசு நின்றிருந்தது. பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் அர்மாண்ட் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் சீவிக்கொண்டிருந்தார். கையில் பிரஷ் இல்லை, தன் தலைச் சீப்பு.

“மேவிஸா?” என்றார். “என் பால் அறையில இன்னும் ஏதாவது குறை பாக்கி இருக்கா?”

“இல்ல அர்மாண்ட். பம்பை ஏன் ஓட்டினே?”

“விக்கறதுக்கு. வாங்க வந்தவன் ஓட்டிக் காட்டச் சொன்னான். விடியற நேரம்தான் தோதுன்னான். ஓட்டினேன்.” சீப்பு நின்றது. “கொஞ்ச நேரத்துல கதவுகிட்ட மூச்சு விடற சத்தம். திரும்பிப் பார்த்தா ஜோசெட். இடுப்பளவு சேறு. நேரா வந்து தன் இடத்துல நின்னுட்டா. மடி வத்தின கிழவி, கறடான்னு நிக்கறா. நான் என்ன பண்றது? ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.”

தன் பெயர் கேட்டதும் பசு காதைத் திருப்பியது. அந்தக் காது ஹோப் என்ற சொல்லுக்கு ஒரு நாளும் திரும்பியதில்லை என்பது லினெட்டுக்கு இப்போதுதான் உறைத்தது.

“உடனே ஏன் கொண்டுவந்து விடலை?” என்று கேட்டான் டட்லி. கேலியாகக் கேட்கவில்லை.

“விட்டேனே. குளிப்பாட்டி, அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போனேன். மேலே ஒரு ஆள் இல்ல. எல்லாரும் காட்டுல கத்திக்கிட்டு இருந்தாங்க. அவளைக் குடுத்ததுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போனதே கிடையாது. என்னைப் பார்த்தா அவ ஏங்குவாளேன்னு. அதனால பலகையை அன்னிக்குத்தான் பார்த்தேன்.” சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “யாரோ ஒரு பாவியைப் பத்தி எழுதியிருக்குன்னு நெனச்சு வாசிச்சேன். ‘அடப்பாவி’ன்னு வாய்விட்டுக்கூடச் சொன்னேன். அப்புறம் தழும்பு வந்துச்சு.”

லினெட் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “உங்க பேர் போடலை...” என்று ஆரம்பித்தாள். சொல்லும்போதே நாக்கு கூசியது.

“இந்த ஊர்ல கழுத்துத் தழும்போட ஜெர்சி யார்கிட்ட இருந்துச்சுன்னு தெரியாதவங்க யாரும்மா?” அவர் குரல் உயரவேயில்லை. “இப்பத்தான் எனக்கும் புரிஞ்சுது. சர்ச்சுல என் பெஞ்சுல யாரும் உட்கார்றதில்ல. சீட்டாட வர்றவங்க வரலை. கடையில பேசிக்கிட்டு இருக்கறவங்க நான் போனா பேச்சை நிறுத்துவாங்க. வயசானா அப்படித்தான் போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். தழும்பு எப்படி வந்துச்சுன்னு ஒருத்தரும் என்னை வந்து கேட்கலை.”

எங்கேயாவது பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது லினெட்டுக்கு. பூமி எங்கே பிளக்கிறது, தேவைப்படும்போது?

வெளியே கார்க்கதவு சாத்துகிற சத்தம். கோஷம் ஓங்கியது. ஷெரிப் ஆள் வந்துவிட்டான்.

டட்லி குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு சொல்றேன். பின்கதவு திறந்திருக்கு. தோப்பு வழியா மாட்டை மேலே ஓட்டிட்டா, காட்டுல கிடைச்சுதுன்னு முடிச்சிடலாம். திருட்டும் இல்ல, திருடனும் இல்ல. பலகையை ராத்திரியோட ராத்திரியா கழட்டிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

ஒரு மூச்சு விடுகிற நேரம் லினெட்டுக்கு அது பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? மிகவும் பிடித்திருந்தது. பெரியவர் தப்பித்துவிடுவார், காப்பகம் தப்பித்துவிடும், தானும் தப்பித்துவிடலாம். கண்ணை உயர்த்தியபோது அர்மாண்ட் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. அந்தப் பெஞ்சில் அவர் தனியாகவே உட்கார்ந்திருப்பார், சாகிற வரை.

“மாடு கிடைச்சாச்சு. என் வேலை அவ்வளவுதான்,” என்றாள் மேவிஸ். “சொல்ற வேலை என்னுது இல்ல.”

லினெட் முன்கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளிச்சம் முகத்தில் அடித்தது. அட்டைகள், தெரிந்த முகங்கள், நடுவில் தொப்பியைச் சரிசெய்தபடி ஷெரிப் ஆள். அவளுக்குப் பின்னால் இருட்டில் பசுவைக் கண்டதும் டாபிதா, “பார்த்தீங்களா! நான் சொன்னேனே!” என்று கத்தினாள். கூட்டம் முன்னால் நகர்ந்தது.

“அவர் திருடலை,” என்றாள் லினெட். “மாடு தானா வந்துச்சு. அவர் திருப்பிக் கொண்டுவந்தார். நம்ம பலகையை வாசிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டார்.” டாபிதாவை நேராகப் பார்த்தாள். “பலகையில இருக்கறது பொய். அடிக்கலை, கட்டலை, பட்டினி போடலை. சர்ச் கோட்டுப் போட்டுக்கிட்டு, சீவி அழகு பண்ணி, என்கிட்ட நம்பிக் குடுத்துட்டுப் போனார். நான்தான் அப்படி எழுதினேன். நீங்க எல்லாரும் அழணும்னு எழுதினேன்.”

கோஷம் பாதியில் அறுந்தது. ஒருவர் அட்டையை மெல்லக் கீழே இறக்கிக் காலுக்குப் பின்னால் மறைத்தார். ஷெரிப் ஆள் பால் அறைச் சுவரையும் டாபிதாவின் விரல் நகத்தில் ஒட்டியிருந்த சிவப்பையும் பார்த்தான். டாபிதாவும் தன் விரலைப் பார்த்தாள். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“அந்தப் பலகையைப் பார்க்கறப்பல்லாம் அழுதிருக்கேன்,” என்றாள் லினெட்டிடம். “என் அக்கா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டியிருக்கேன்.” வேறு ஏச்சு எதுவும் அவளிடமிருந்து வரவில்லை. அது வந்திருந்தால் தேவலை என்று லினெட்டுக்குத் தோன்றியது.

அர்மாண்ட் கயிறு பிடித்து வெளியே வந்தார். “வழி விடுங்க. இவளை மேலே கொண்டுபோய் விடணும்,” என்றார்.

“இவ்வளவுக்கு அப்புறமுமா?” என்றான் டட்லி.

“தொழுவத்தை வித்தாச்சு. என் இடுப்பும் வேலைக்காகாது. இவளுக்குப் போக இந்த ஒரு இடம்தான் இருக்கு.” லினெட்டைப் பார்த்தார். “இந்த அம்மா மாட்டை நல்லாத்தான் பார்த்துக்கிட்டிருக்கு. அதைச் சொல்லணும்.”

அந்த நல்ல வார்த்தைதான் அவளை அடித்துப் போட்டது.

கிழவரும் பசுவும் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்று மேடேறினார்கள். சிலர் வழியிலேயே தத்தம் காருக்குப் போய்விட்டார்கள், சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டுக்கு வந்ததும் லினெட் பலகையைத் திருகிக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினாள். வெறும் மரம். டாபிதா பின்னாலேயே மெதுவாக ஓட்டி வந்த தன் காரிலிருந்து சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்து, தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

லினெட் பிரஷ்ஷை எடுத்து அர்மாண்டிடம் நீட்டினாள். “நீங்க எழுதுங்க. உங்களுக்குத்தான் அந்த உரிமை.”

அவர் வாங்கவில்லை. “நீயே எழுதும்மா. உனக்குத்தான் நல்லா எழுத வருமே.”

குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

லினெட் சேற்றில் மண்டியிட்டாள். *ஜோசெட்* என்று எழுதினாள். அதற்குமேல் எழுத அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிரஷ் முனையிலிருந்து ஒரு சொட்டு அவள் முழங்காலில் விழுந்தது.

“அந்தத் தழும்பு,” என்றாள் தலை நிமிராமல், “அது எப்படி வந்துச்சு?”

அர்மாண்ட் கைத்தடியை ஊன்றிக் கல்மேல் மெல்ல உட்கார்ந்தார். பசு குனிந்து அவர் கோட்டுப் பையை மோந்தது.

“கன்னுக்குட்டியா இருந்தா,” என்றார். “என் பெண்டாட்டி சமையக்கட்டுல ஆப்பிள் நறுக்கிக்கிட்டிருந்தா. கண்ணாடி ஜன்னல் சாத்தியிருக்குன்னு இந்தக் கழுதைக்குத் தெரியலை...”